கோயில் முற்றத்தின் தூரம்

எப்ரோன்விளையில் தெரு முடிகிற இடத்துக்கும் கிறிஸ்தவர்களின் வேதக்கோயில் வாசலுக்கும் நடுவே ஒரு செம்மணல் முற்றம் உண்டு. வாலிபர் சங்கத்துப் பையன்கள் சாயங்காலம் வலை கட்டிப் பந்தாடும்போது ஓங்கி அடித்தால் பந்து கோயில் சுவரில் போய் மோதும், அவ்வளவுதான் அதன் நீளம். ஒரு பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொன்றைக் கையில் பிடித்துக்கொண்டு, பக்கத்தில் வருகிறவளிடம் இந்தச் சேலை எங்கே எடுத்தது என்று கேட்டு, அவள் பதில் சொல்லி முடிப்பதற்குள் கடந்துவிடலாம். அந்த முற்றம்தான் ஒரு லெந்து என்னும் தவக்காலத்து ஞாயிற்றுக்கிழமை முதல் ஆளுக்கொரு தூரமாகிப் போயிற்று.

அதற்கு முந்தின ஞாயிறு உபதேசியார் ஞானசிகாமணி தீர்க்கதரிசனப் பகுதி ஒன்றை வாசித்திருந்தார். ஆண்டவருக்குக் காது மந்தமாகிவிடவில்லை, அவர் வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு எங்கேயும் போய்விடவுமில்லை, உங்களுக்கும் அவருக்கும் நடுவே கிடக்கிற வெளி முழுக்க உங்கள் கையால் நீங்களே பண்ணி வைத்தது என்று அந்தக் காலத்துத் தீர்க்கதரிசி ஒருவர் சனங்களைப் பார்த்துச் சீறிய பகுதி அது. வழக்கம்போல யாரும் காதில் வாங்கவில்லை. ஆண்கள் பக்கம் பாதிப்பேர் ஜெபிக்கிறவர்களைப் போலக் கண்ணை மூடித் தூங்கினார்கள். பெண்கள் பக்கத்தில், வயலெட் தன் ஓரகத்தி மேபலின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இத்தனை வயதிலும் அந்தக் கழுத்தில் ஒரு சுருக்கம் இல்லையே என்பதுதான் அன்றைக்கு அவளுடைய தியானம்.

மறு ஞாயிறு முதல் மணி அடித்ததும் சனங்கள் கிளம்பினார்கள். மணலில் கால் வைத்த சிலர் எப்போதும்போலப் போய்ச் சேர்ந்தார்கள், சிலர் நடந்தார்கள், நடந்தார்கள், நடந்துகொண்டே இருந்தார்கள். தெருமுனையில் நின்று பார்த்தவர்களுக்கு முற்றம் பழைய முற்றமாகத்தான் தெரிந்தது, ஆனால் அதற்குள்ளே நடக்கிறவர் சிறுத்துக்கொண்டே போனார். மாவு மில்காரர் ஒரு பனங்கொட்டை அளவுக்குச் சிறுத்துப் போய், பிரசங்கமெல்லாம் முடிந்து காணிக்கைப் பை சுற்றுகிற நேரத்தில் வியர்க்க விறுவிறுக்க வந்து கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். ஏன் தாமதம் என்று ஒருவரும் கேட்கவில்லை. மிளகாய்த்தூளில் அவர் என்ன கலக்கிறார் என்பது ஊருக்கே தெரிந்த விஷயம்.

எப்ரோன்விளைக்காரர்கள் எதற்கும் அசந்து நிற்கிற ரகமில்லை. இது ஏன் வந்தது என்று ஆராய்வதைவிட, வந்ததை வைத்துக்கொண்டு எப்படிக் காலம் தள்ளுவது என்று சபையின் சேகரக் கமிட்டி கூடிப் பேசியது. முதல் மணியை விடிந்ததுமே அடித்துவிடுவது என்று முடிவாயிற்று. மோட்டார் சைக்கிளில் போய்ப் பார்த்த ஒருவர் நடு மணலில் பெட்ரோல் தீர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார், அதோடு அந்த யோசனையை எல்லாரும் விட்டார்கள். தூரம் அதிகமுள்ளவர்கள் புளிச்சோறு கட்டிக்கொண்டார்கள், தூக்குவாளியில் மோர் எடுத்துக்கொண்டார்கள், குடை பிடித்துக்கொண்டார்கள். பெண் கொடுக்கிறவர்கள் பையனுக்கு என்ன சம்பளம் என்று கேட்பதை நிறுத்திவிட்டு, ஞாயிற்றுக்கிழமை தம்பி எத்தனை மணிக்கு வீட்டைவிட்டுக் கிளம்பும் என்று கேட்கத் தொடங்கினார்கள். சபைக்குக் குருவான ஐயருடைய வீடு மட்டும் கோயிலுக்குப் பின்பக்கத்திலேயே இருந்தது, பக்கவாசல் வழியாக அவர் உள்ளே வந்துவிடுவார். அந்த லெந்துக்குப் பிறகு அவர் முற்றத்துப் பக்கம் கால் வைக்கவே இல்லை என்பதையும் ஊர் கவனித்துத்தான் வைத்திருந்தது.

இரண்டு சங்கதிகள் போகப்போகத் தெரிந்தன. ஒன்று, திரும்பி வரும்போது எல்லாருக்கும் அது பழைய முற்றம்தான். ஆண்டவரை விட்டு விலகிப் போக மட்டும் மனுஷனுக்கு நேரமே ஆவதில்லை என்று உபதேசியார் அங்கலாய்த்தார். மற்றது, கையைப் பிடித்துக்கொண்டு சேர்ந்து நடந்தால், யாருக்குத் தூரம் அதிகமோ அவருடைய தூரம்தான் இரண்டு பேருக்கும். இதைக் கண்டுபிடித்தது ஒரு புதுமணத் தம்பதி. மாப்பிள்ளையோடு கை கோத்து நடந்த அந்தப் பெண் ஆசீர்வாதம் கூறுகிற சமயத்தில் வந்து சேர்ந்தாள், அன்று மத்தியானமே பெட்டியைக் கட்டிக்கொண்டு தாய்வீட்டுக்குப் போனாள். அதற்கப்புறம் எப்ரோன்விளையில் யாரும் யாரோடும் சேர்ந்து கோயிலுக்கு நடப்பதில்லை என்றாயிற்று. புருஷன் முன்னால், பெண்சாதி பின்னால், தாய் ஒரு பக்கம், மகள் ஒரு பக்கம், அவரவர் மணலை அவரவர் நடந்தார்கள்.

வயலெட்டுக்கு வருவோம். அவள் பொன்னுதுரையின் மனைவி, அந்த வீட்டின் மூத்த மருமகள். பொன்னுதுரையின் தம்பி ஆசீரைக் கட்டியவள் மேபல். ஒரே வீட்டை நடுவே சுவர் வைத்துப் பிரித்து ஆளுக்குப் பாதியில் இருந்தார்கள், கொல்லை மட்டும் பொது. மேபலுக்குப் பிள்ளை இல்லை. வயலெட்டுக்கு ஒரே மகள், பியூலா. பெற்றதும் பாலூட்டியதும் வயலெட்தான், ஆனால் தவழத் தெரிந்த நாளிலேயே அந்தக் குழந்தை சுவரைச் சுற்றிக்கொண்டு சித்தி வீட்டுக்குப் போனது, பள்ளிக்கூடம் விட்டால் பையைத் தாய் வீட்டில் போட்டுவிட்டுச் சித்தி மடியில் போய்த் தலை வைத்துப் படுத்துக்கொண்டது. அந்தப் பக்கத்திலிருந்து சிரிப்புச் சத்தம் வரும்போதெல்லாம் வயலெட்டின் அடிவயிற்றில் தீப்பிடிக்கும். மேபல் பாடினால் நன்றாக இருந்தது, மேபல் குழம்பு வைத்தால் ருசியாக இருந்தது, மேபல் முருங்கைக் குச்சியை நட்டால் அது காய்த்தது, இதையெல்லாம் வயலெட் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்வாள். பியூலாவை மட்டும் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்த ஊரில் பிடி அரிசி என்றொரு வழக்கம். ஒவ்வொரு தடவை உலை வைக்கும்போதும் பெண்கள் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்துத் தனிப் பானையில் போட்டு வைப்பார்கள். சனிக்கிழமை மாலை பெண்கள் ஐக்கிய சங்கத்தில் ஒருத்தி கடவம் என்கிற பெரிய ஓலைப்பெட்டியோடு வீடு வீடாகப் போய் அதை வாங்கி வைத்திருந்து, ஞாயிறு காலை கோயிலில் கொண்டுபோய்ச் சேர்ப்பாள். விதவைகளுக்கும் விடுதிப் பிள்ளைகளுக்கும் அந்த அரிசி போகும். கடவம் தூக்குவது சாமானியப்பட்ட காரியமில்லை. அவள் வந்தால் சிடுமூஞ்சி மாமியார்கூட வாசலுக்கு வந்து வாம்மா என்பாள். அந்தக் கடவம் பல வருஷத்துக்கு முன்பு மேபல் கையில் இருந்தது.

ஒரு சனிக்கிழமை, மேபல் குளிக்கப் போயிருந்த நேரம், வயலெட் கொல்லை வழியாகப் போய் அந்தக் கடவத்திலிருந்து அரிசியை மடிநிறைய அள்ளினாள். அவள் வீட்டில் அரிசிக்குப் பஞ்சம் இல்லை. அள்ளியதை என்ன செய்வதென்று தெரியாமல் கொல்லையில் நின்றாள், பிறகு கோழிகளுக்கு வீசினாள். அடுத்த வாரமும் அள்ளினாள், அதற்கடுத்த வாரமும் அள்ளினாள். கோழிகள் அவள் நிழலைக் கண்டாலே ஓடிவரப் பழகின. கோயிலில் அரிசியை அளந்துபோடுகிறவர், என்ன இது, வரவரக் குறைகிறதே என்று நெற்றியைச் சுருக்கினார். தெருக்குழாயில் பெண்கள் அதைப் பேசும்போது வயலெட் குடத்தைக் கழுவியபடி, வீட்டில் கொண்டுபோய் வைத்தால் எலியும் தின்னும் மனுஷரும் தின்பார்கள் என்று மட்டும் சொன்னாள். அது போதுமாயிருந்தது. ஆண்டவருடைய அரிசியைத் தின்றவள் என்ற பேரோடு மேபல் கடவத்தைத் திருப்பிக் கொடுத்தாள், சங்கத்துப் பெண்கள் கூடிப் பேசி அதை வயலெட் கையில் கொடுத்தார்கள். மூத்த மருமகளாயிற்றே என்றார்கள். மேபல் பாடகர் குழுவிலிருந்து தானாக விலகிக்கொண்டாள். பியூலா மட்டும் முன்னைப்போலவே சுவரைச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள்.

இத்தனை வருஷம் கழித்து முற்றம் நீண்டபோது, ஊர் மொத்தமும் மேபல் எப்போது மணலில் கால் வைப்பாள் என்று தெருமுனையில் நின்று வேடிக்கை பார்த்தது. அரிசி தின்றவளுக்கு எவ்வளவு தூரமிருக்கும் என்று தெரிய வேண்டாமா. மேபல் சேலைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு முற்றத்தில் இறங்கினாள், அடுத்த வீட்டுக்கு மோர் கேட்கப் போகிறவளைப் போல நாலு எட்டு நடந்தாள், கோயில் வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு உள்ளே போய்விட்டாள். செருப்பில் ஒரு பொட்டு மண் ஒட்டியிருக்கவில்லை. அப்படியானால் அரிசியை எடுத்தது யார் என்று ஒருத்தி மெல்ல ஆரம்பித்தாள்.

வயலெட் முந்திக்கொண்டாள். எடுத்தவள் அவள்தான், ஆனால் அழுது ஜெபித்திருப்பாள், ஆண்டவர் மன்னித்திருப்பார், நாமும் மன்னிக்கத்தானே வேண்டும் என்றாள். எவ்வளவு நல்ல மனசு என்று நாலு பேர் அவளைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டோடு கடவத்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு மணலில் இறங்கியவள், பாட்டும் வேதவாசிப்பும் பிரசங்கமும் முடிந்தபிறகுதான் கோயிலை எட்டினாள். கடவத்தோடு நடப்பதால் தாமதம் என்று சொல்லிக்கொண்டாள். கனக்கிறதல்லவா என்று ஊரும் ஒப்புக்கொண்டது.

வாரத்துக்கு வாரம் அவளுடைய மணல் வளர்ந்தது. மற்றவர்களுக்கு அப்படியில்லை, சிலருக்குக் குறைந்தது, சிலருக்குக் கூடியது. மில்காரர்கூட மிளகாய்த்தூள் அரைப்பதை நிறுத்திவிட்டு இப்போதெல்லாம் இரண்டாம் பாட்டுக்கே வந்துவிடுகிறார். வயலெட் ஜெபித்தாள், உபவாசம் இருந்தாள், விதவைகளுக்குச் சேலை எடுத்துக் கொடுத்தாள். கோயில் கோபுரம் ஒரு தீக்குச்சி அளவுக்குத் தூரத்தில் தெரியும், நடக்க நடக்க அது தீக்குச்சியாகவே இருக்கும். எப்படியோ போய்ச் சேர்ந்து செருப்பைக் கழற்றும்போது, வாசலில் கிடக்கிற மேபலின் செருப்பைப் பார்ப்பாள். கடையில் அடுக்கி வைத்த செருப்பைப்போல அது சுத்தமாகக் கிடக்கும். சீமாட்டிக்கு மட்டும் ஆண்டவர் அடுத்த வீட்டில் குடியிருக்கிறாரோ என்று நினைப்பாள். அடுத்த வாரம் மணல் இன்னும் கொஞ்சம் வளர்ந்திருக்கும்.

இந்த நிலையில்தான் பியூலாவுக்குத் தூத்துக்குடியில் மாப்பிள்ளை அமைந்தது. கல்யாணத்துக்குத் தேதி குறித்த நாளில் இருந்து வயலெட்டுக்கு உறக்கம் போய்விட்டது. கடைசியாக நடந்த ஞாயிற்றுக்கிழமை அவள் வாசலை எட்டும்போது கோயிலைப் பூட்டிவிட்டு எல்லாரும் வீட்டுக்குப் போய்விட்டிருந்தார்கள். பெற்ற மகளின் கல்யாணத்துக்குத் தாய் வந்து சேராவிட்டால் தூத்துக்குடிக்காரர்கள் என்ன நினைப்பார்கள், பெண்ணை என்னவென்று நினைப்பார்கள். அதைவிடப் பெரிய பயம் ஒன்று உள்ளே இருந்தது, அதை அவள் யாரிடமும் சொல்லவில்லை. தாய் நிற்கவேண்டிய இடம் காலியாக இருந்தால் அங்கே போய் நிற்கப் போவது யார் என்று அவளுக்குத் தெரியும்.

கல்யாணத்தன்று காலை பொன்னுதுரை சொந்தக்காரர்களை முன்னால் அனுப்பிவிட்டு, தானும் ஜெபித்துக்கொண்டு நடக்கப் போய்விட்டார். அவருக்கும் கொஞ்சம் தூரம் உண்டு, ஆனால் வெற்றிலை போட்டு மென்று துப்புகிற தூரம்தான். பெண்ணும் தாயும் முற்றத்தின் ஓரத்தில் நின்றார்கள். பியூலா வெள்ளைச் சேலையில், தலையில் வலைமுக்காட்டோடு, தாயின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"வாம்மா, ஒண்ணாப் போவோம்."

பியூலாவுக்கு முற்றம் வெறும் முற்றம்தான், அவள் பிள்ளை மனசுக்காரி. ஆனால் இந்தக் கையோடு இறங்கினால் இந்தக் கையின் தூரம்தான் அவளுக்கும். மணமேடைக்கு அவள் போய்ச் சேருவதற்குள் மாப்பிள்ளை வீட்டார் பஸ் ஏறியிருப்பார்கள். வயலெட் மகளின் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்தாள்.

"நீ போ மக்கா. நான் மெள்ள வந்து சேருதேன்."

"எப்பம்மா வருவ?"

"நீ போ."

பியூலா திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நாலு எட்டில் வாசலை அடைந்தாள். அங்கே மேபல் நின்றுகொண்டிருந்தாள், குனிந்து பெண்ணின் சேலைக் கரையைச் சரிசெய்தாள். வயலெட் அதைப் பார்த்தாள். பார்த்த மாத்திரத்தில் கோயில் விசுக்கென்று பின்னால் போயிற்று.

அவள் நடந்தாள். பட்டுச்சேலையைக் கெண்டைக்காலுக்கு மேலே தூக்கிச் செருகிக்கொண்டு நடந்தாள், செருப்பின் வார் அறுந்ததும் அதைத் தூக்கி எறிந்துவிட்டு வெறுங்காலோடு நடந்தாள், தலையில் வைத்த பிச்சிப்பூ வாடி உதிர உதிர நடந்தாள். நாலாபக்கமும் சிவப்பாக மணல், ஒரு பனைகூட இல்லை, தெருச் சத்தம் இல்லை. தூரத்திலே தீக்குச்சிக் கோபுரம், அங்கிருந்து பெண் உள்ளே வருகிறபோது பாடுகிற பாட்டு. பாட்டு மட்டும் பக்கத்தில் கேட்டது, அதுதான் கொடுமை. ஐயருக்குப் பக்கத்து ஊரில் இன்னொரு கல்யாணம் இருந்தது, அவர் யாருக்காகவும் காத்திருக்க மாட்டார். வயலெட் மணலில் உட்கார்ந்துவிட்டாள். பிறகு, பெஞ்சிலிருந்தே எல்லாருக்கும் மேலே கேட்கிற மேபலின் குரல் அந்தப் பாட்டில் இல்லையே என்று அவளுக்கு உறைத்தது.

நிமிர்ந்து பார்த்தால் மேபல் அவள் முன்னால் நிற்கிறாள். கோயிலிலிருந்து விலகி வர யாருக்கும் நேரமாகாது என்பதால் அவள் வந்த சுவடே மணலில் இல்லை.

"கையக் குடுங்கக்கா."

"எதுக்கு? என்கூட நடந்தா என் தூரம்தான் ஒனக்கும். அவ பக்கத்துல நிக்க ஒரு ஆளாவது வேண்டாமா? நீ போய் நில்லு. அதுக்குத்தான காத்துக்கிட்டுக் கெடந்த."

"பியூலாதான் அனுப்பிச்சா. அம்மாவக் கூட்டிட்டு வாங்க சித்தின்னு அழுதா. எந்திரிங்க."

மேபல் அவள் கையைப் பிடித்துத் தூக்கிவிட்டாள். இரண்டு பேரும் நடந்தார்கள். வெயில் ஏறியது. மேபலுக்கு வியர்க்கத் தொடங்கியது, மூச்சு வாங்கியது, பட்டுச்சேலையின் கரை செம்மணலில் புரண்டது. இந்த வீட்டுக்கு அவள் வாழவந்த நாளிலிருந்து, வயலெட் அவளை இப்படிப் பார்த்ததில்லை. இத்தனை காலம் ஆசைப்பட்டது இதுதானே, ஆனாலும் ஏனோ அது இனிக்கவில்லை. தன்னுடைய தூரத்தை இன்னொருத்தி நடக்கிறாள் என்பது நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. இவள் ஒருத்திக்குத்தான் கேட்கப் போகிறது, இந்த மணலில் வேறு யார் இருக்கிறார்கள் என்று துணிந்து வயலெட் வாயைத் திறந்தாள்.

"மேபல், அந்த அரிசியக் கோழிக்குப் போட்டது நான்தான்."

மேபல் நடையை நிறுத்தவில்லை.

"தெரியும்க்கா."

"என்ன தெரியும்?"

"எங்க கோழியும் ஒங்ககிட்ட வந்துதான மேஞ்சிச்சு. அறுத்தா இரைப்பை நெறய அரிசி. நான் எங்க கோழிக்குத் தவிடுதான வைப்பேன்."

"பெறவு ஏன்ட்டி ஒருத்தர்ட்டயும் சொல்லல?"

"கோழி வயித்துல இருந்துச்சுன்னு கமிட்டில போயா சொல்ல முடியும்? ரொம்ப நாள் ஒங்களச் சபிச்சேன்க்கா, சும்மா இல்ல. ஆனா தெனமும் இந்தப் பிள்ள வந்து மடியில படுத்துக்கிடும். அது தலையத் தடவிக்கிட்டே அது ஆத்தாளச் சபிக்க முடியல. விட்டுட்டேன்."

கோபுரம் தீக்குச்சியிலிருந்து பனை உயரத்துக்கு வந்தது, கோயில் சுவர் தெரிந்தது, ஜன்னல்கள் தெரிந்தன. வயலெட்டுக்கு அழுகை வந்தது. அழுகைக்கு நடுவிலேயே பழைய நெருப்பும் வந்தது. கேட்பதற்கு முன்னாலேயே மன்னித்து, மன்னித்ததையும் வெளியே சொல்லாமல் இத்தனை வருஷம் வைத்திருந்தாளே, இதிலும் என்னை முந்திவிட்டாளே என்று வயிறு எரிந்தது. நெருங்கி வந்துகொண்டிருந்த கோயில் சட்டென்று நின்றது. அவர்கள் வாசல்படிக்கு வந்திருந்தார்கள், ஆனால் உள்ளே, பெஞ்சுகளுக்கு நடுவே விரித்த சிவப்புக் கம்பளம் தேரிக்காட்டுச் செம்மணலைப்போல நீண்டுகொண்டே போயிற்று. அதன் மறுகோடியில், ஒரு கோழிமுட்டை அளவுக்கு வெள்ளையாகப் பியூலா நின்றாள்.

பாட்டும் பிரசங்கமும் முடிந்து அப்போதுதான் ஐயர், இந்த இருவரும் இணைவதற்கு நியாயமான தடை ஏதாவது யாருக்காவது தெரியுமானால் இப்போதே வாய் திறந்து சொல்லுங்கள், இல்லையானால் இனி ஒருபோதும் சொல்லவேண்டாம் என்ற கேள்வியைக் கேட்டார். எந்தக் கல்யாணத்திலும் அந்தக் கேள்விக்கு யாரும் பதில் சொன்னதில்லை. கேட்டுவிட்டு, எச்சில் விழுங்குகிற நேரம் சும்மா இருந்துவிட்டு ஐயர் மேலே போவார்.

"ஐயரே, எனக்கு ஒண்ணு சொல்லணும்" என்றாள் வயலெட்.

கோயில் மொத்தமும் திரும்பியது. மாப்பிள்ளையின் தாய் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். செருப்பில்லாத காலும், தூக்கிச் செருகிய பட்டும், கலைந்த தலையுமாக வாசலில் நிற்கிற பெண்ணின் தாயைப் பார்த்துப் பொன்னுதுரைக்கு முகம் வெளிறிப் போயிற்று. ஐயர் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, தடையா அம்மா என்று கேட்டார்.

"கல்யாணத்துக்கு ஒரு தடையும் இல்ல. தடை எனக்குத்தான். பிடி அரிசிய மேபல் எடுக்கல. அத அள்ளிக் கோழிக்குப் போட்டவ நான். அவ தின்னான்னு கிளப்பி விட்டதும் நான். என் பிள்ள அவ மடியில போய்ப் படுக்குதேங்கற பொறாமையில செஞ்சேன். இந்த நிமிஷமும் பொறாமையாத்தான் இருக்கு. அவ்வளவுதான். நீங்க கல்யாணத்த நடத்துங்க."

முதலில் மில்காரர்தான் எழுந்து நின்றார், ஏன் நின்றார் என்று அவருக்கே தெரியாது. பிறகு சங்கத்துப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்தார்கள், தெருக்குழாயில் அவர்களும்தானே பேசினார்கள். பியூலா கையிலிருந்த பூச்செண்டை மாப்பிள்ளையிடம் கொடுத்துவிட்டுக் கம்பளத்தின் மேல் நடந்து வந்தாள், அவளுக்கு அது வெறும் கம்பளம்தான். ஒரு கையால் தாயையும் மறுகையால் சித்தியையும் பிடித்துக்கொண்டாள். மூன்று பேரும் சேர்ந்து திரும்பி நடந்தபோது யாருடைய தூரத்தை நடந்தார்கள் என்று யாருக்கும் தெரியவில்லை. ஐயர் புத்தகத்தில் விட்ட இடத்தைத் தேடிக் கண்டுபிடிப்பதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள்.

அடுத்த சனிக்கிழமை சங்கத்துப் பெண்கள் கூடி, கடவத்தை மறுபடியும் மேபல் கையில் கொடுத்தார்கள். இந்த முறை வயலெட்டே எடுத்துக் கொடுத்தாள், முகத்தில் சிரிப்போடுதான் கொடுத்தாள். ஆனால் மறுநாள் காலை, எந்த வீட்டு மாமியாரும் வாசலுக்கு வந்து வாம்மா என்று கூப்பிடாத தெரு வழியாக வெறுங்கையோடு நடந்து வந்து மணலில் கால் வைத்தாளோ இல்லையோ, கோயில் ஒரு துள்ளுத் துள்ளிப் பின்னால் போயிற்று. தீக்குச்சி அளவுக்கெல்லாம் இல்லை. இருந்தாலும் பாதி ஆராதனைக்குத்தான் போக முடியும் என்கிற தூரம்.

வாசலில் கடவத்தை இறக்கப் போன மேபல், திரும்பிப் பார்த்தாள். மணலுக்கு நடுவே ஓரகத்தி சிறுத்துப்போய் நிற்பதைக் கண்டாள், கடவத்தோடு திரும்பி வந்தாள்.

"இன்னைக்கு என்னக்கா?"

"கடவம்" என்றாள் வயலெட்.

மேபலுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கடவத்தின் ஒரு பக்கத்து விளிம்பை அவள் பக்கம் நீட்டினாள்.

"பிடிங்க, கனக்கு."

இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நடந்தார்கள். தெருமுனையில் நின்றவர்களுக்கு இது புதுக்காட்சி, ஒண்டியாகப் போனால் உடனே போய்ச் சேருகிறவள் இன்னொருத்தியின் தூரத்தை வலிய வாங்கிக்கொண்டு நடப்பதை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. மில்காரரின் மனைவி, முன்னே போய்க்கொண்டிருந்த புருஷனை நிற்கச் சொல்லிவிட்டு, வேகமாகப் போய் அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கடவம் ஆடி ஆடிச் சிந்திய அரிசியைப் பொறுக்கியபடி இரண்டு வீட்டுக் கோழிகளும் பின்னாலேயே வந்தன. கோழிகளுக்கு எந்த ஞாயிற்றுக்கிழமையும் தூரம் இருந்ததில்லை.

மேபல் தன் வாழ்நாளில் முதல் தடவையாக ஆராதனைக்குத் தாமதமாகப் போனாள். வாசலில் அவள் செருப்பைக் கழற்றும்போது அதில் செம்மண் அப்பிக்கிடந்ததை வயலெட் பார்த்தாள். பார்த்ததும் அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாக இருந்தது, அது நல்ல சந்தோஷம் இல்லை என்றும் தெரிந்தது. குனிந்து அந்தச் செருப்பை எடுத்துத் தன் முந்தானையால் துடைத்து, தன்னுடைய செருப்பை ஒட்டிப் போட்டுவிட்டு, அடுத்த வாரம் இதையும் இவளிடம் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டே உள்ளே போனாள்.